வாடா சுப்பா

சந்திரம்மாள் எதையும் மறக்கிற ஆள் இல்லை. எப்போதோ ஒருமுறை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் அவளை நிறுத்தம் தாண்டி இறக்கிவிட்டான். அன்றிலிருந்து அந்த பஸ் காலியாக வந்தாலும் ஏறமாட்டாள். வெயிலில் நின்று அடுத்ததில்தான் போவாள். கண்டக்டர் மாறிவிட்டான், பஸ்ஸின் பெயின்ட்கூட மாறிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். "அதே பஸ்ஸு தானே" என்பாள். மல்லாட்டையில், நிலக்கடலையில்தான், விதைக்கு என்று ஒரு மூட்டை எடுத்துவைப்பதுபோல, கோபத்தைக் காயவைத்துப் பூச்சி அரிக்காமல் பத்திரப்படுத்தத் தெரிந்தவள். அது நல்ல குணம் இல்லை என்று அவளுக்கு உபதேசம் செய்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் எல்லாரும் வீட்டுவாசல்வரை ஆட்டோ வருகிற தெருவில் குடியிருப்பவர்கள்.

சந்திரம்மாள் வீட்டுக்கு ஆட்டோ வராது. அடி அண்ணாமலையில், கிரிவல ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, நிலத்தின் நடுவில் தனியாக நிற்கிற ஓட்டுவீடு அது. ரோட்டை ஒட்டிய முன்பக்க நிலம் அவள் கணவனின் அண்ணன் சுப்பனுக்கு. பின்பக்கம் கணவன் இளவரசனுக்கு. அப்பா போனபிறகு இருவரும் அப்படித்தான் பிரித்துக்கொண்டார்கள். முன்பக்க நிலத்தின் ஓரமாக ஒரு வண்டிப்பாட்டை பின்பக்கத்துக்குப் போகும். அது இருவருக்கும் பொது என்று வாய்வார்த்தையாகப் பேசி முடித்தார்கள். கூடப்பிறந்தவர்களுக்குள் பத்திரம் எதற்கு என்று கேட்டவனே சுப்பன்தான்.

சந்திரம்மாள் கல்யாணமாகி வந்த வருடம் ஐப்பசி மழையில் அந்தப் பாட்டை சேறாகி, மாட்டுவண்டிச் சக்கரம் பாதிவரை இறங்கிக்கொண்டது. மழை விட்டதும் அண்ணனும் தம்பியும் கருங்கல்லை உடைத்துக் கொட்டிப் பாட்டையைக் கெட்டிப்படுத்தினார்கள். கல் சுமந்தது யார்? தாலிக்கயிற்றில் மஞ்சள் வெளுக்காத புதுப்பெண். தலையில் சும்மாடு வைத்துக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாள். "இந்த வூட்டுல இவதான் ஆம்பள" என்று சுப்பன் அப்போது மெச்சிப் பேசினான். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அப்புறம் கிரிவல ரோட்டில் நிலத்துக்கு மவுசு வந்தது. லாட்ஜ் வந்தது, ஓட்டல் வந்தது, வெளிநாட்டுக்காரர்கள் தங்க மாடிவீடுகள் வந்தன. பின்பக்க நிலத்தையும் தனக்கே கொடுத்துவிடும்படி சுப்பன் தம்பியைக் கேட்டான். இளவரசன் மாட்டேன் என்றான். சுப்பன் சண்டை போடவில்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டான். அடுத்த மழைக்குப் பாட்டையின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடியை ஒடித்து ஒடித்து நட்டான்.

உண்ணிச்செடியைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக்கொத்தாய்ப் பூத்து, போட்டோ எடுக்க அழகாக இருக்கும். தண்டு முழுக்கக் கொக்கிமுள். ஆடு வாய் வைக்காது. வெட்டினால் சாகாது, வெட்டின இடத்தில் நாலாகத் துளிர்க்கும். கொளுத்தினாலும் மழை பெய்ததும் அடிக்கட்டையிலிருந்து ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்கும். இரண்டு பக்கச் செடியும் நடுவில் கைகோத்துக்கொண்டன. பாட்டை குறுகி, ஒற்றையடிப்பாதையாகி, கடைசியில் அதுவும் இல்லாமல் போனது. சந்திரம்மாள் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் இளவரசன் தடுப்பான். "வுடு சந்திரா, அண்ணன்தானே, தானா எடுத்துடுவான்." அவன் அப்படிப்பட்ட ஆள். அவனுக்கும் சேர்த்து அவள் கோபப்பட்டாள். வெட்டினாள், அது வளர்ந்தது. மறுபடியும் வெட்டினாள், இன்னும் அடர்த்தியாக வளர்ந்தது. அவர்கள் நிலத்துக்குப் பின்னால் இருந்த ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போகப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு வைகாசி மாதக் காலையில், தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த இளவரசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தான். சந்திரம்மாள் போன் செய்தாள். 108 வண்டி வந்தது. வரவில்லை என்று குறை சொல்ல முடியாது. புதருக்கு அந்தப் பக்கம், ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. "வழி எங்கம்மா?" என்று டிரைவர் கத்துவது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. அவள் புதருக்குள் கையை விட்டு விலக்கிப் பார்த்தாள். முள் முழங்கைவரை கிழித்ததுதான் மிச்சம். கடைசியில் பக்கத்து நிலத்து ஆட்கள் ஓடிவந்து கட்டிலோடு அவனைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை மேல் நடந்தார்கள். அவள் கையைப் பிடித்தபடிதான் அவன் போனான். கரையில் பாதி தூரம் போனபோது அந்தப் பிடி தளர்ந்தது. தூக்கியவர்களுக்கு அது தெரியவில்லை, இன்னும் வேகமாக நடந்தார்கள். தெரிந்தது அவளுக்கு மட்டும்தான்.

காரியம் முடிந்ததும் அவள் ஊர்ப்பெரியவர்களிடம் போய் நின்றாள். வழி வேண்டும் என்றாள். அந்தப் பாட்டையில் வண்டி ஓட்டிய ஆட்களே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் சுப்பன் எழுந்தான்.

"நான் சத்தியம் பண்றேன்" என்றான்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மலையைப் பார்த்து நின்று, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து ஒருவன் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அவனைக் கேள்வி கேட்டால் மலையையே சந்தேகப்பட்ட மாதிரி. பொய் என்றால் மலை பார்த்துக்கொள்ளும் என்று எல்லாரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். மலைக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். சுப்பன் கற்பூரத்தை அணைத்து, "அந்தப் பொதருக்கு அடியில வழின்னு ஒண்ணு எப்பவும் இருந்ததில்ல" என்றான். எல்லாரும் எழுந்து போனார்கள். ஆத்திரத்தில் அவள் மறுநாளே போய்ப் புதரை வெட்டினாள். சுப்பன் போலீசில் எழுதிக் கொடுத்தான். அடுத்தவர் நிலத்தில் கை வைத்தால் கேஸ் ஆகிவிடும் என்று அவளைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்கள்.

மலை பார்த்துக்கொள்கிறதா என்று சந்திரம்மாளும் பொறுமையாகத்தான் கவனித்தாள். சுப்பனுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. திருவண்ணாமலை டவுனில் மகனோடு மாடிவீட்டுக்குக் குடிபோனான். உடம்பு இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

பாட்டை இல்லாத நிலத்துக்கு டிராக்டர் வருமா, எரு வருமா? மல்லாட்டை மூட்டையைத் தலையில் சுமந்து கரையைச் சுற்றியே முதுகு வளைந்தது. கூலிவேலைக்குப் போகத் தொடங்கினாள். மலையடிவாரத்தில் உண்ணியை ஒழித்துவிட்டு நாட்டுமரங்களை நடுகிற ஒரு குழுவில் ஆள் எடுக்கிறார்கள் என்று வள்ளி வந்து சொன்னாள். வள்ளி, ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. எதற்கும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் யோசிப்பவள். என்ன வேலை என்று கேட்டதற்கு, "உண்ணிச்செடி புடுங்கணுமாம்" என்றாள். சந்திரம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டாள்.

குழுவை நடத்தியவள் கீர்த்தனா, விவசாயம் படித்த பெண். அவள் கொண்டுவந்து வைத்த கருவியைப் பெண்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக்குழாய், அடியில் தரையில் ஊன்றிக்கொள்ள ஒரு தட்டு, தட்டுக்கு மேல் திறந்து மூடுகிற இரண்டு தாடை. செடியின் அடித்தண்டைத் தாடைக்குள் கொடுத்து, குழாயின் மேல்நுனியைப் பிடித்துச் சாய்த்தால் தாடை கடிக்கும். சாய்க்கச் சாய்க்கக் கடி இறுகும். வேர் மொத்தமும் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வரும். வேட்டவலம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கியதாம். கடித்தால் விடாது என்பதால் பெண்கள் அதற்கு முதலை என்று பேர் வைத்தார்கள்.

"கையால இழுக்காதீங்க, கை போயிடும். உடம்ப அப்படியே சாய்ங்க" என்று கீர்த்தனா சொல்லிக்கொடுத்தாள்.

சந்திரம்மாள் சாய்ந்தாள். மண் வெடித்தது. இத்தனை வருடம் அவளை ஏமாற்றிய செடி, வேரும் கீருமாகக் காலடியில் வந்து விழுந்தது. அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். தண்டும் வேரும் சேருகிற இடத்தில் முண்டுமுண்டாக ஒரு கட்டை. அங்கேதான் அதன் உயிர் இருந்திருக்கிறது. அதைத் தொடாமல் அவள் மேலே மேலே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்ட வெட்டச் சுப்பனுக்கு வேலி அடர்த்தியாகக் கட்டிக்கொடுத்தது அவள் கைதான். அதை நினைத்ததும் அவளுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறிவிட்டது. அடுத்த செடியில் முதலையை மாட்டினாள்.

"வாடா சுப்பா" என்றாள்.

வள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். கணவனின் அண்ணன் பெயரைப் பெண்கள் சொல்வதில்லை. சந்திரம்மாளும் அதுநாள்வரை சொன்னதில்லை. ஊரில் வேறொரு சுப்பன் இருந்தான். அவனைக்கூட "எங்க பெரியவர் பேர்க்காரரு" என்றுதான் குறிப்பிடுவாள். அந்தப் பெயர் அன்றைக்கு வாயிலிருந்து வந்ததும் தொண்டையில் சிக்கியிருந்த மீன்முள் விழுந்ததுபோல் இருந்தது. அதற்குப் பிறகு அவள் பிடுங்கிய ஒவ்வொரு உண்ணிக்கும் பெயர் சுப்பன். "வாடா சுப்பா" என்று சாய்வாள். வந்ததும் மண்ணை உதறி, வேர் வானத்தைப் பார்க்கிற மாதிரி தலைகீழாகக் கிளையில் மாட்டுவாள். வேர் மண்ணில் பட்டால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும் என்பதால் எல்லாருக்கும் அதுதான் முறை. ஆனால் அவள்தான், மாட்டிவிட்டு ஒரு நிமிடம் நின்று, அது காய்வதை ரசிப்பாள்.

மற்ற பெண்களுக்கும் ருசி தட்டிவிட்டது. வள்ளி தன் மாமியார் பெயரைச் சொல்லிப் பிடுங்கிப் பார்த்தாள். சரியாக வரவில்லை என்று சுப்பனுக்கே மாறிக்கொண்டாள். கொஞ்ச நாளில் மலையடிவாரம் முழுக்க "வாடா சுப்பா"தான். இது என்ன பெயர் என்று கீர்த்தனா கேட்டபோது, "எங்க ஊர்ல இந்தச் செடிக்கு அதாம்மா பேரு" என்று சந்திரம்மாள் முகம் மாறாமல் சொன்னாள். கீர்த்தனா அதை நம்பினாள். வேலையைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம், "இத இங்க சுப்பன்னு சொல்வாங்க" என்று விளக்கமும் கொடுத்தாள்.

அதனால்தான் போன ஐப்பசியில், "நான் சுப்பன் பேசறேன்" என்று ஒருவர் போன் செய்தபோது கீர்த்தனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் நிலத்தில் உண்ணிச்செடி எடுக்க ஆள் வேண்டும் என்றார் அவர். கிரிவல ரோட்டு நிலம். சென்னைக்காரர் ஒருவர் லாட்ஜ் கட்டக் கேட்டிருக்கிறார். தீபத்துக்கு முன்னால் இடம் சுத்தமாகி, பத்திரம் முடிந்து, சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர் எழும்பியாக வேண்டும்.

மறுநாள் வேலை எங்கே என்று கீர்த்தனா சொன்னதும், மற்ற பெண்கள் சந்திரம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். செடி என்றால் முதலை பிடுங்கும். காம்பவுண்டுச் சுவரை எது பிடுங்கும்? சுவர் எழுந்துவிட்டால் அவள் சாகிறவரை ஏரிக்கரைதான். செத்தால் அவளைத் தூக்கிப் போவதும் அந்தக் கரை வழியாகத்தான். இளவரசன் போன கரையில் தானும் போகிறதா? மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் கற்பூரம் வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

காலையில் சுப்பன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். பெண்கள் முள்ளுக்குப் பயந்து தலைக்குத் துண்டு கட்டி, முகத்தைக் கண்மட்டும் தெரிய மூடிக்கொண்டு, கையுறையோடு நின்றார்கள். துண்டே இல்லாவிட்டாலும் அவன் கண்டுபிடித்திருக்க மாட்டான். கூலிக்காரிகளின் முகத்தை எவன் பார்த்தான்?

"இந்தச் சனியன் மொத்தமும் வேரோட போயிடணும்மா" என்று கீர்த்தனாவிடம் சொன்னான். "போன தடவ ஆளுங்கள வுட்டு வெட்டி, கொளுத்தி, எல்லாம் பண்ணேன். மழ பேஞ்சதும் முன்னவிட ஜாஸ்தியா வந்து நிக்குது. ஜேசிபி வுடலாம்னா கீழ போர் பைப்பும் கரண்ட்டு ஒயரும் போவுது."

"எடுத்துடலாம் சார்."

"அதோ ஓரத்துல செவப்புத் துணி கட்டி வெச்சிருக்கேன் பாரு, அத மட்டும் தொடக் கூடாது. அது வேலி. கைய வெச்சீங்கன்னா சும்மா இருக்க மாட்டேன்."

"வேலிக்கு அந்தாண்ட யாரு சார் இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா. காலி நெலம்."

சந்திரம்மாள் முகத்துண்டுக்குள் பல்லைக் கடித்தாள். அவள் அந்தக் காலி நிலத்தில்தான் அன்று காலை சோறு பொங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நாளைச் சாயங்காலம் சென்னைக்காரரைக் கூட்டிவந்து காட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சுப்பன் போனான். கீர்த்தனாவும் மலைமேல் இன்னொரு குழுவோடு இரண்டு நாள் வேலை என்று போய்விட்டாள். வள்ளி அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பை வெளியே விட்டாள். "அக்கா, நம்ம செடியா இவுரு!"

"அவுரேதான்" என்றாள் சந்திரம்மாள். எல்லாரையும் பார்த்தாள். "அந்த ஓரம் தான் என் வழி. எங்க வூட்டுக்காரு செத்தது அதனாலதான். உங்களுக்கே தெரியும். நான் அதத்தான் புடுங்கப் போறேன். வேணாம்னு இருக்கறவங்க தள்ளிக்கோங்க, நான் ஒருத்தியே பண்ணிக்கிறேன்."

"அட போக்கா. இத்தினி நாளா பேர் சொல்லிப் புடுங்கினோம். இப்ப அந்த ஆளே கூப்ட்டு வந்திருக்கோம், வுட்டுட்டுப் போவமா?" என்று வள்ளி முதலையைத் தோளில் தூக்கிக்கொண்டாள்.

சந்திரம்மாள் போய் அந்தச் சிவப்புத் துணியை அவிழ்த்தாள். சுப்பன் எதைப் பிடுங்கச் சொன்னானோ, அந்தப் பெரிய புதரின் நெற்றியில் அதை நன்றாக இறுக்கிக் கட்டினாள். தொடக் கூடாது என்றால் தொடக் கூடாதுதானே.

ஐப்பசி மழையில் மண் நனைந்திருந்தது. முதலைக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது. ரோட்டு முனையிலிருந்து தொடங்கினார்கள். ஒருத்தி கிளையைக் கழிக்க, ஒருத்தி தாடையை மாட்ட, ஒருத்தி சாய, ஒருத்தி இழுத்துத் தலைகீழாக அடுக்க, பொழுது போனதே தெரியவில்லை. சில அடிக்கட்டைகள் முதலையின் வாய்க்குள் அடங்கவில்லை. அவற்றைச் சுற்றிக் கடப்பாரை போட்டு மண்ணை நெகிழ்த்திவிட்டுத்தான் கடிக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. கையெல்லாம் கொப்புளம், முதுகு கழன்றுவிடும்போல் வலி. சந்திரம்மாள் நிமிரவேயில்லை.

முதல் வேர் வரும்போதே கல்லைக் கவ்விக்கொண்டு வந்தது. வேரின் விரல்களுக்கு நடுவில் கருங்கல் துண்டு. அடுத்த வேரிலும் கல். மண்ணை உதறிப் பார்த்தால் கீழே வரிசையாகச் சப்பட்டைக் கற்கள், சக்கரம் ஓடித் தேய்ந்த பள்ளம் இரண்டு கோடாக அப்படியே. சந்திரம்மாள் குனிந்து ஒரு கல்லைத் தொட்டாள். புதுப்பெண்ணாக அவள் சும்மாட்டின் மேல் சுமந்த கல். புருஷன் கையால் அடுக்கிய கல். எப்பவும் இருந்ததில்லை என்று கற்பூரம் அணைத்தானே, அந்தக் கல்.

மறுநாள் சாயங்காலம் கடைசிச் செடி நின்றது. தொடைப் பருமன் அடிக்கட்டை. சுப்பன் முதன்முதலில் நட்டதாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு முதலையை மாட்டி, பெண்கள் எல்லாரும் குழாயில் தொங்கினார்கள். சந்திரம்மாள் மூச்சை இழுத்தாள். எல்லாரும் சேர்ந்து ஏரி எதிரொலிக்கக் கத்தினார்கள்.

"வாடா சுப்பா!"

"யாருடீ அது?" என்று பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

செடி படாரென்று சாய்ந்தது. செடி இருந்த இடத்தில் திடீரென்று வெளிச்சம். வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டுவீடு, வாசலில் காயப்போட்ட புடவை, கட்டியிருந்த ஆடு. இந்தப் பக்கம் சுப்பன். பக்கத்தில் வெள்ளைச்சட்டை போட்ட சென்னைக்காரர். அவர்கள் இருவரும் ரோட்டிலிருந்து அந்தக் கல்பாட்டை மேலேயே நடந்து வந்திருந்தார்கள். வசதியாக இருந்ததால் சென்னைக்காரருக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. சுப்பனுக்குத் தெரிந்திருந்தது. அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

சந்திரம்மாள் முகத்துண்டை அவிழ்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். மூத்தார் முன்னால் நிற்கிற மரியாதை கெடக் கூடாது.

"வாங்க மாமா" என்றாள். "கூப்ட்ட ஒடனே வந்துட்டீங்களே."

சுப்பன் வாய் திறப்பதற்குள் சென்னைக்காரர் கேட்டுவிட்டார். "இது யார் வீடு? பின்னாடி காலி நிலம்னு சொன்னீங்களே. இவ்வளவு நல்ல பாதை இருக்கு. வழி எதுவும் கிடையாதுன்னு சொன்னீங்க?"

"சார், இவ சும்மா... ஏய், இது என் நெலம்! உம்மேல கேஸ் போடுவேன்!"

"போடுங்க மாமா. நீங்களே போன் பண்ணி ஆளு கேட்டீங்க, வேரோட எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டோம். டேஷனுக்கே வந்து அதச் சொல்றோம்."

சத்தம் கேட்டு ரோட்டிலிருந்து டீக்கடைக்காரர் வந்தார். கிரிவலம் போன நாலைந்து பேர் நின்றார்கள். அன்றைக்குத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போன பெரியவர்களில் ஒருவரும் டீ கிளாஸோடு வந்து, காலடியில் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். சந்திரம்மாள் மடியை அவிழ்த்தாள். ஒரு சப்பட்டைக் கல்லின் மேல் கற்பூரத்தை வைத்து ஏற்றினாள். எதிரே மலை, மழையில் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று நின்றது.

"அன்னைக்குப் பொதர் மறைச்சிகினு இருந்திச்சி மாமா, மலைக்குச் சரியாத் தெரியல போல" என்றாள். "இப்ப வெட்டவெளியாப் பண்ணிட்டேன். எல்லாரும் பாக்கறாங்க. இன்னொரு தடவ அணைங்க. இங்க வழி இருந்ததில்லன்னு சொல்லிட்டு அணைங்க. நான் இந்தக் கல்லெல்லாம் மூடிட்டுப் போயிடறேன்."

சுப்பன் கை பாதிதூரம் வந்தது. பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கை அங்கேயே நின்றது, திரும்பிப் போய் வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டது. கற்பூரம் யாரும் அணைக்காமல் தானாக எரிந்து முடிந்தது. கல்லில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. சந்திரம்மாள் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். இளவரசன் கை தளர்ந்த நாளிலிருந்து இந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் சோறு தின்றாள். திருப்தியாக இருந்தது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

சென்னைக்காரர் வில்லங்கம் இருக்கிற இடம் வேண்டாம் என்று காரில் ஏறிப் போய்விட்டார். சுப்பன் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினான், போனார்கள். மீதி நிலத்துக்கு அவன் பழையபடி ஆள் விட்டு வெட்டினான், கொளுத்தினான். அப்புறம் நல்ல மழை பெய்தது. இப்போது அங்கே உண்ணி ஆள் உயரம் நிற்கிறது. சிவப்புத் துணி உள்ளே எங்கேயோ இருக்கும். பெரியவர் தாமாக நாலு பேரைக் கூட்டிவந்து, பாட்டையின் இரண்டு ஓரமும் கல் நட்டு, இது வழிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன என்று சந்திரம்மாள் அவரை முகத்துக்கு நேரே கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கீர்த்தனாதான் ரொம்ப கோபப்பட்டாள். "ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வுட்டிருப்பியாம்மா?"

கீர்த்தனா யோசித்துப் பார்த்துவிட்டு, விட்டிருக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். குழுவின் பெயர் கெட்டுவிட்டது என்று சந்திரம்மாளைக் கொஞ்சநாள் வேலைக்கு வரவேண்டாம் என்றாள். அது நியாயம்தான் என்று சந்திரம்மாளும் முதலையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

தீபத்துக்கு முந்தின நாள் காலையில் அவள் ரோட்டுக்குப் போய் ஓர் ஆட்டோவை நிறுத்தினாள். வீடுவரை வரச் சொன்னாள். ஆட்டோ கல்பாட்டையில் கடகடவென்று ஓடி வாசலில் வந்து நின்றது. இத்தனை வருடத்தில் அந்த வாசலுக்கு வந்த முதல் வண்டி. ஆடு மிரண்டு கயிற்றை இழுத்தது. சந்திரம்மாள் இறங்கவில்லை.

"திருப்பி ரோட்டுக்கு வுடுப்பா" என்றாள்.

"ஏம்மா, எதுனா மறந்துட்டீங்களா?"

"எதுவும் மறக்கல. நீ வுடு." வண்டி திரும்பியது. அவள் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவனிடம் சொல்லத் தொடங்கினாள். "எங்க வூட்டுக்காரரு ஒரு நாள் காலைல தண்ணி பாச்சிட்டு வந்து, நெஞ்சு வலிக்குதுன்னு..."

ஆட்டோ நின்றுவிட்டது. "ரோடு வந்திடுச்சிம்மா" என்றான் டிரைவர்.

அவள் வாக்கியம் பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். வாசலில் கட்டியிருந்த ஆட்டின் காதுகூட இங்கிருந்து தெரிந்தது.

"இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதாம்மா."

ஏரிக்கரையில் அழாத அழுகையை அவள் அந்த ஆட்டோவில் உட்கார்ந்து அழுதாள். டீக்கடையில் நின்றவர்கள், பாவம், வழி கிடைத்ததில் மனபாரம் இறங்கிவிட்டது, இனிமேல் சுப்பனையும் மன்னித்துவிடுவாள் என்று பேசிக்கொண்டார்கள். நடந்தும் சுமந்தும் பழகிய அந்த வழி, ஒரு 108 வண்டிக்கு ஒரு வாக்கியம்கூட நீளாது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அதுவரை சுப்பன்மேல் அவளுக்கு இருந்ததெல்லாம் கோபமே இல்லை. கோபம் அன்றைக்குத்தான் வந்தது.